கோட்டுக்கு இன்னும் எத்தனை மீற்றர்? பாய்ப்படகுப் போட்டித் தொடக்கத்தில் கருவிகளைப் பயன்படுத்தும் முறை

பாய்ப்படகுப் போட்டி பார்க்கப் போகும் பலருக்கு முதலில் விளங்காத விஷயம், போட்டி எப்போது தொடங்கியது என்பதுதான். பத்துப் பன்னிரண்டு படகுகள் குறுக்கும் மறுக்குமாக ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று ஓர் ஊதல் கேட்கும், எல்லாம் ஒரே பக்கம் போகத் தொடங்கிவிடும். ஓட்டப் பந்தய வீரரைப் போலக் கோட்டில் கால் வைத்துக் காத்திருக்கப் படகால் முடியாது. காற்றும் நீரோட்டமும் அதை எந்நேரமும் எங்காவது தள்ளிக்கொண்டிருக்கும். கோடும் கண்ணுக்குத் தெரியாது. ஒரு முனையில் போட்டியை நடத்துபவர்கள் இருக்கும் கமிட்டிப் படகில் செம்மஞ்சள் கொடி கட்டிய கம்பு, மறுமுனையில் ஒரு மிதவை, நடுவில் வெறும் தண்ணீர். மணி பூச்சியத்தைத் தொடும்போது அந்தக் கோட்டுக்குச் சற்றுப் பின்னால், முழு வேகத்தில் இருக்க வேண்டும். முந்தினால் திரும்பி வந்து மறுபடி தொடங்க வேண்டும். பிந்தினால் மற்றப் படகுகள் கலக்கிவிட்ட காற்றில்தான் மிச்ச ஓட்டம்.

கொழும்பில் இதற்கெல்லாம் இடம் இருக்கிறது. துறைமுகத்துக்குள் ரோயல் கொழும்பு யொட் கிளப், தெற்கே பொல்கொட வாவியில் சிலோன் மோட்டார் யொட் கிளப். வெள்ளவத்தையிலிருந்தோ கொட்டாஞ்சேனையிலிருந்தோ நண்பரின் படகில் கையாளாகப் போகும் புதியவரிடம் முதல் நாளே முக்கியமான கயிறுகளைக் கொடுக்க மாட்டார்கள். "இந்தாங்க, இதைப் பார்த்து நேரத்தையும் தூரத்தையும் சொல்லுங்க" என்று ஒரு சின்னத் திரையைத்தான் நீட்டுவார்கள். அந்தத் திரையோடு உட்காரப் போகிறவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணக்குப் போடுவதில் கருவி பிழை விடாது. கோட்டின் இரண்டு முனைகளையும் நாம் எவ்வளவு சரியாகக் காட்டிக்கொடுத்தோம், நம் படகு வேகம் எடுக்க எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று நமக்குத் தெரியுமா, இந்த இரண்டிலும்தான் பிழை வரும். விலை கூடிய கருவி வாங்கினாலும் இந்த இரண்டையும் அது நமக்காகச் செய்து தராது.

முதலில் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள்

எல்லாப் படகு வகுப்பிலும் எல்லாக் கருவிக்கும் இடமில்லை. சிறுவர்கள் ஓட்டும் ஆப்டிமிஸ்ட், இன்னும் பலர் லேசர் என்றே சொல்லும் ஐ.எல்.சி.ஏ. போன்ற சிறு படகுகளில் ஜி.பி.எஸ். வைத்துத் தூரம் காட்டும் கருவிகளுக்குப் பொதுவாகத் தடை. நேரம் பார்க்கும் கடிகாரத்துக்குத் தடையில்லை. பெரிய படகுகளின் போட்டிகளில் பெரும்பாலும் எதையும் வைத்துக்கொள்ளலாம். போட்டி அறிவித்தலையும் ஓட்ட அறிவுறுத்தல்களையும் வகுப்பு விதிகளையும் வாசித்துவிட்டு வாருங்கள். கையில் ஸ்மார்ட் கடிகாரம் கட்டியிருந்தால் அதற்கும் இதே விதிதான், பலர் அதைக் கருவியாக நினைப்பதே இல்லை. கரையில் நிற்கும் நண்பர் போனில் "இப்ப போ" என்று சொல்வதும் வெளியார் உதவி. பாய்ப்படகுப் போட்டி விதிகளில் 41ஆம் விதி அதை அனுமதிக்காது.

ஐந்து நிமிடம் எப்படிப் போகிறது

அதே விதிகளில் 26ஆம் விதி சொல்லும் வரிசை இது. ஐந்து நிமிடம் இருக்கும்போது வகுப்புக் கொடி ஏறும், ஓர் ஒலி. நான்கு நிமிடத்தில் ஆயத்தக் கொடி ஏறும், ஓர் ஒலி. ஒரு நிமிடம் இருக்கும்போது ஆயத்தக் கொடி இறங்கும், ஒரு நீண்ட ஒலி. பூச்சியத்தில் வகுப்புக் கொடி இறங்கும், ஓர் ஒலி. அவ்வளவுதான்.

நேரம் கொடியின்படிதான், ஒலியின்படி அல்ல. ஊதல் வேலை செய்யாமல் போனாலும் தொடக்கம் செல்லும். நம்மூர் வெப்பத்தில் ஒலி செக்கனுக்குச் சுமார் 350 மீற்றர் போகும். அதனால் அவ்வளவு தூரத்தில் நிற்கும் படகுக்கு ஊதல் ஒரு செக்கன் பிந்தித்தான் கேட்கும். ஆறு நொட் (மணிக்கு ஆறு கடல் மைல்) வேகத்தில் ஒரு செக்கன் என்றால் 3 மீற்றர். கண்ணைக் கொடியிலும் விரலைப் பொத்தானிலும் வைத்திருங்கள்.

டைமரை ஐந்து நிமிடக் கொடியில் தொடக்குங்கள். நான்கு நிமிடக் கொடியில் மறுபடி சரிபாருங்கள். பெரும்பாலான கருவிகளில் 'சிங்க்' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் ஓடிக்கொண்டிருக்கும் எண் அருகிலுள்ள முழு நிமிடத்துக்குப் போய்விடும். முதல் கொடியைத் தவறவிட்டவருக்கு நான்கு நிமிடக் கொடி இரண்டாவது வாய்ப்பு. ஒரு நிமிடக் கொடி கடைசி வாய்ப்பு.

ஆயத்தக் கொடி எது என்பதையும் நீங்களே சத்தமாகச் சொல்லுங்கள். பீ கொடி என்றால் வழக்கமான தொடக்கம். ஐ கொடி ஏறியிருக்கும்போது கடைசி நிமிடத்தில் கோட்டைத் தாண்டியவர், கோட்டின் ஒரு முனையைச் சுற்றி வந்துதான் மறுபடி தொடங்கலாம். யூ கொடியும் கறுப்புக் கொடியும் கடுமையானவை. கடைசி நிமிடத்தில், கோட்டின் இரு முனைகளும் ஓட்டப் பாதையில் முதலில் சுற்ற வேண்டிய மிதவையும் சேர்ந்த முக்கோணத்துக்குள் படகின் உடல் தெரிந்தால் தகுதி நீக்கம். விசாரணைகூடக் கிடையாது. தொடக்கம் மறுபடி நடந்தால் யூ கொடியில் மன்னிப்பு உண்டு, கறுப்பில் அதுவும் இல்லை. இந்த இரண்டு கொடிகளில் ஒன்று ஏறினால், திரை காட்டும் தூரத்தில் மூன்று மீற்றரைப் பிடுங்கிவிட்டுச் சொல்வது நல்லது என்பது என் கருத்து.

எந்தக் கருவி

இதில் அதிகம் யோசிக்க வேண்டாம். தொடக்கத்துக்கென்றே செய்த வெலொசிட்டெக் புரோஸ்டார்ட், வகாரோஸ் அட்லஸ் போன்றவை பாய்மரக் கம்பத்தில் பொருத்தப்படும். பெரிய எண், சில பொத்தான்கள், வெயிலில் தெளிவாகத் தெரியும் திரை. பெரிய படகுகளில் கார்மின், பி அண்ட் ஜி, ரேமரின் திரைகளிலேயே தொடக்கக் கோட்டு வசதி இருக்கும். கார்மின் குவாட்டிக்ஸ் கடிகாரத்திலும் உண்டு. போனில் ஐரெகாட்டா போன்ற செயலிகள் கிடைக்கும். பழக அது போதும். ஆனால் கொழும்பு மதிய வெயிலில் போன் சூடேறித் தானாக அணைந்துவிடும், ஈரக் கைக்குத் தொடுதிரை படியாது. பொத்தான் உள்ள கருவிக்கே என் ஓட்டு.

வகாரோஸின் ரேஸ்சென்ஸ் முறையில் கமிட்டிப் படகிலும் மிதவையிலும்கூடக் கருவி இருக்கும். கோடு தானாகவே எல்லாப் படகுக்கும் வந்துவிடும், முந்தியவர் யார் என்பதையும் அதுவே சொல்லிவிடும். அது இல்லாத இடத்தில் கோட்டைப் பதிவது நம் வேலை.

இறங்குதுறையிலேயே முடிக்க வேண்டியவை

ஜி.பி.எஸ். அன்டெனா பெரும்பாலும் படகின் பின்பக்கத்தில் இருக்கும். ஆனால் கோட்டைத் தொடப்போவது முன்மூக்கான அணியம். பத்து மீற்றர் படகில் இரண்டுக்கும் இடையில் எட்டு, ஒன்பது மீற்றர் இருக்கலாம். ஆறு நொட்டில் அது கிட்டத்தட்ட மூன்று செக்கன். அளவு நாடாவால் அளந்து அந்த எண்ணைக் கருவியில் போட்டுவிடுங்கள். கடிகாரம் கட்டியவர் கோட்டைப் பதியும்போது சுக்கானுக்கு அருகில் இருந்து அழுத்துவாரா, கம்பத்தடியில் நின்று அழுத்துவாரா என்பதையும் முடிவு செய்யுங்கள். பிறகு இடம் மாறக் கூடாது.

அடுத்தது, எண்ணை மழுப்பிக் காட்டும் அமைப்பு. கடலில் எண்கள் துள்ளாமல் இருக்க, கருவி கடந்த சில செக்கன்களின் சராசரியைக் காட்டும். நீண்ட பயணத்துக்கு நல்லது. தொடக்கத்தில், நின்ற படகு புறப்பட்டு ஐந்து செக்கனுக்குப் பிறகும் திரை அது நிற்பதாகவே காட்டும். வேகத்துக்கான அந்த அமைப்பை ஆகக் குறைந்த நிலைக்குக் கொண்டுவாருங்கள். செக்கனுக்கு ஒரு தடவை மட்டும் இடத்தைப் புதுப்பிக்கும் அன்டெனாவும் இப்போது செக்கனுக்குப் பத்துத் தடவை புதுப்பிக்கும் அன்டெனாவும் கிடைக்கின்றன. இரண்டாவது இருந்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

அலகு மீற்றரா, கடல் மைலா என்று பாருங்கள். "பூச்சியம் தசம் பூச்சியம் நாலு மைல்" என்று யாரும் கத்த முடியாது. திசை காந்த வடக்கா, உண்மை வடக்கா என்பதையும் எல்லாத் திரையிலும் ஒன்றாக்குங்கள். கொழும்பில் இரண்டுக்கும் வித்தியாசம் சுமார் 2 பாகைதான், ஆனால் காரணமில்லாமல் அதை ஏன் சுமக்க வேண்டும்? வெளிநாட்டில் வாங்கிய திசைகாட்டி என்றால் இன்னொன்று: காந்த ஊசி எந்தப் பக்கமும் சாயாமல் கிடையாக நிற்கும் காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் முனையை ஒட்டிப் போகிறது, நாம் அதற்குப் பக்கத்தில் இருக்கிறோம். ஐரோப்பாவுக்கெனச் சமநிலைப்படுத்திய தட்டு இங்கே ஒரு பக்கம் சாய்ந்து நிற்கலாம்.

கோட்டைப் பதிதல்

இதுதான் உங்கள் வேலையில் பாதி. கோட்டின் ஒவ்வொரு முனையிலும் படகைக் கொண்டுபோய்ப் பொத்தானை அழுத்துவதற்குப் 'பிங்' என்று பேர்.

1. தொடக்கத்துக்குக் கால் மணி நேரம் முன்பே கமிட்டிப் படகின் பக்கம் போகச் சொல்லுங்கள். நீங்கள் குறிவைக்க வேண்டியது படகின் உடலை அல்ல, செம்மஞ்சள் கொடி கட்டிய கம்பை. எந்தக் கம்பு என்று ஓட்ட அறிவுறுத்தலில் இருக்கும்.

2. இரண்டு மூன்று நொட் வேகத்தில், முன்னோக்கி ஓடிக்கொண்டே நெருங்குங்கள். தலைத்திசை உணரி (அணியம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று அறியும் உறுப்பு) இல்லாத கருவி, படகு போகும் திசையை வைத்துத்தான் அணியம் எங்கே இருக்கிறது என்று ஊகிக்கும். நின்றுகொண்டோ பின்னால் நழுவிக்கொண்டோ அழுத்தினால் அணியத்தை எதிர்ப்பக்கத்தில் வைத்துவிடும்.

3. அணியத்தில் ஒருவர் நிற்கட்டும். கம்பும் தூர மிதவையும் ஒரே நேர்கோட்டில் வரும்போது அவர் கையை இறக்கட்டும், நீங்கள் அழுத்துங்கள். வலது முனைக்கு ஒரு பொத்தான், இடதுக்கு ஒன்று. காற்றைப் பார்த்து நின்றால் கமிட்டிப் படகு வழக்கமாக வலப்பக்கம்.

4. மிதவையிலும் இதையே செய்யுங்கள். பிறகு திரை சொல்லும் கோட்டின் நீளத்தைக் கண்ணால் பார்த்த நீளத்தோடு ஒப்பிடுங்கள். நூறு மீற்றர்க் கோட்டுக்கு நாற்பது என்று காட்டினால் எங்கோ பிழை.

கம்பை ஒட்டிப் போக முடியவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். கோட்டின் நீட்சியில் இரண்டு மீற்றர் தள்ளி அழுத்தினாலும் கோடு மாறாது. கோட்டுக்கு முன்னாலோ பின்னாலோ அழுத்தினால்தான் ஆபத்து. மிதவை முனையில் 3 மீற்றர் பிழை விட்டால் அந்த முனையில் தொடங்குபவருக்கு முழு 3 மீற்றரும் பிழை, நடுவில் தொடங்குபவருக்கு ஒன்றரை மீற்றர், கமிட்டிப் படகுப் பக்கம் தொடங்குபவருக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை. எந்த முனையில் தொடங்கப் போகிறோமோ அந்த முனையைத்தான் கூடுதல் கவனத்தோடு பதிய வேண்டும்.

ஜி.பி.எஸ். சில மீற்றர் பிழை காட்டும் என்கிறார்களே, இதை எப்படி நம்புவது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்தப் பிழை செக்கனுக்குச் செக்கன் துள்ளுவதில்லை, மெதுவாக நகர்வது. பத்து நிமிடத்துக்குள் பதிந்த இரண்டு முனைகளும் இப்போதைய நம் இடமும் கிட்டத்தட்ட ஒரே அளவு, ஒரே பக்கம் தள்ளியிருக்கும். அதனால் மூன்றுக்கும் இடையிலுள்ள தூரம் ஓரளவு சரியாகவே வரும். ஒரு மணி நேரத்துக்கு முன் பதிந்த கோட்டில் அந்தச் சலுகை இல்லை. காந்த நடுக்கோட்டுக்கு அருகே, ஜி.பி.எஸ். அலைகளைக் குழப்பும் மேல்வானின் அயனி மண்டலத்தின் தொல்லை வேறு அதிகம். இரண்டு அலைவரிசைகளில் வாங்கும் புதிய கருவிகள் அதைப் பெருமளவு கழித்துவிடும், பழையவற்றால் முடியாது. எனவே தாமதமாகிவிட்டால் மறுபடி பதியுங்கள்.

கோடே நகர்ந்தாலும் மறுபடி பதிய வேண்டும். கமிட்டிப் படகு நங்கூரத்தில் ஆடிக்கொண்டுதான் இருக்கும். முப்பது மீற்றர் கயிறு விட்டிருக்கும் படகு, காற்று 10 பாகை திரும்பினால் 5 மீற்றர் இடம் மாறிவிடும். திரை அதை அறியாது, பழைய இடத்தையே கோடு என்று காட்டும்.

எந்த முனை லாபம்

கோடு காற்றுக்கு நேர் குறுக்காக அமைவது அபூர்வம். காலிமுகத் திடலுக்கு முதுகைக் காட்டி மேற்கே பார்த்து நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பின்னேரக் கடற்காற்று 270 பாகையிலிருந்து வருகிறது. கோடு சரியாக வடக்குத் தெற்காக இருந்தால் இரண்டு முனையும் சமம். காற்று 280க்குத் திரும்பினால் வடக்கு முனை, அதாவது வலப்பக்கக் கமிட்டிப் படகு, காற்றுக்குக் கிட்டவாகிவிடும். நூறு மீற்றர்க் கோட்டில் 5 பாகைச் சாய்வு என்றால் சுமார் 9 மீற்றர், 10 பாகை என்றால் 17 மீற்றர் லாபம்.

காற்றுமானி இணைத்த கருவி இதைத் தானே கணக்கிட்டுச் சொல்லும். இல்லாவிட்டால் கோட்டின் நடுவில் படகைக் காற்றுக்கு நேரே திருப்பிப் பாயைப் படபடக்க விடுங்கள். அணியம் எந்த முனைப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அதுதான் லாபம். எனக்கு இந்தப் பழைய முறையில்தான் நம்பிக்கை அதிகம், ஏனென்றால் காற்றுமானியைச் சரியாக அளவீடு செய்து வைத்திருக்கும் படகுகள் குறைவு. லாபமான முனையில் எல்லோரும் கூடி நெருக்குவார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். புதியவர்கள் ஓட்டும் படகு அந்த முனையிலிருந்து கோட்டின் கால்பங்கு தள்ளித் தொடங்குவது பரவாயில்லாத பேரம்.

நேரம், தூரம், மிச்சம்

திரையில் மூன்று எண்கள் முக்கியம். தொடக்கத்துக்கு இருக்கும் நேரம். கோட்டுக்கு இருக்கும் தூரம். மூன்றாவது, வீணாக்க வேண்டிய நேரம், திரையில் 'டைம் டு பேர்ன்' என்று வரும். படகில் அதை 'மிச்சம்' என்று சொன்னால் போதும். தொடக்கத்துக்கு இருக்கும் நேரத்திலிருந்து கோட்டை அடைய ஆகும் நேரத்தைக் கழித்தால் வருவது அது. மிச்சம் 20 என்றால் இருபது செக்கன் முந்தி வந்துவிட்டோம். கழித்தல் குறியோடு வந்தால் பிந்திவிட்டோம்.

கேட்க எளிது. இதில்தான் புதியவர்கள் திணறுவார்கள், இரண்டு காரணங்களால்.

ஒன்று, தூரம் எது என்பது. சில கருவிகள் கோட்டுக்குச் செங்குத்தான தூரத்தைக் காட்டும், சில படகு போகும் திசையில் உள்ள தூரத்தைக் காட்டும். காற்றை நெருக்கிப் பிடித்து ஓடும் படகு காற்றுக்குச் சுமார் 45 பாகையில் போகிறது. செங்குத்தாக 64 மீற்றர் என்றால் ஓட வேண்டியது 90 மீற்றர். உங்கள் கருவி எதைக் காட்டுகிறது என்று கைநூலைப் பார்த்து, படகில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

இரண்டு, வேகம். பல கருவிகள் இந்தக் கணத்தில் படகு ஓடும் வேகத்தை வைத்தே நேரத்தைக் கணக்கிடும். உதாரணமாக, 70 செக்கன் இருக்கிறது, கோட்டுக்கு ஓட வேண்டியது 90 மீற்றர், பாயைத் தளர்த்தி ஒரு நொட்டில் ஊர்ந்துகொண்டிருக்கிறீர்கள். ஒரு நொட் என்பது செக்கனுக்கு அரை மீற்றர். கருவி என்ன சொல்லும்? கோட்டை அடைய 180 செக்கன், நீங்கள் 110 செக்கன் பிந்திவிட்டீர்கள் என்று. அதை அப்படியே கத்தினால் சுக்கான் பிடிப்பவர் பதறிப் பாயை இழுப்பார். படகு கொஞ்ச நேரத்தில் ஆறு நொட் எடுக்கும், 30 செக்கன் முந்திக் கோட்டில் நிற்கும்.

உண்மைக் கணக்கு வேறு. ஆறு நொட்டில் செக்கனுக்கு 3 மீற்றர், 90 மீற்றருக்கு 30 செக்கன். ஆனால் அரை மீற்றரிலிருந்து மூன்று மீற்றருக்கு வர இந்தப் படகுக்கு 15 செக்கன் பிடிக்கிறது என்று வையுங்கள். முழு வேகத்தில் அந்த 15 செக்கனில் 45 மீற்றர் போயிருக்கும், வேகம் எடுக்கும்போது சுமார் 26 மீற்றர்தான் போகும். 19 மீற்றர் நட்டம், அதாவது சுமார் 6 செக்கன். ஆகவே தேவை 36 செக்கன், மிச்சம் 34. இன்னும் அரை நிமிடம் ஊர்ந்துகொண்டிருக்கலாம், ஊரும்போது தூரம் குறைவதையும் கணக்கில் எடுத்தால் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே.

அந்த 15 என்ற எண் ஒவ்வொரு படகுக்கும், ஒவ்வொரு காற்றுக்கும் வேறு. போட்டிக்கு முன் ஒரு நாள் இதை அளந்துவிடுங்கள். பாயைத் தளர்த்தி ஒரு நொட்டுக்கு வாருங்கள். "இழு" என்று சொல்லி டைமரை அழுத்துங்கள். வேகம் வழக்கமான ஓட்ட வேகத்தைத் தொடும்போது நிறுத்துங்கள். மெல்லிய காற்றில் சில தடவை, பலத்த காற்றில் சில தடவை. ஒரு டாக் அடித்து, அதாவது அணியத்தைக் காற்றின் ஊடாக மறுபக்கம் திருப்பி, பழைய வேகத்துக்கு வர எவ்வளவு என்பதையும் அளந்து, இரண்டையும் கம்பத்தடியில் ஒட்டுத்துணியில் எழுதி ஒட்டிவையுங்கள். விலை கூடிய திரைகளில் படகின் வேக அட்டவணையை ஏற்றி, இந்தக் கணத்து வேகத்துக்குப் பதிலாக எதிர்பார்க்கும் வேகத்தை வைத்துக் கணக்கிடச் சொல்லலாம். அட்டவணை சரியாக இருந்தால் அருமை. ஒட்டுத்துணி இன்னும் மலிவு.

கடைசி இரண்டு நிமிடம்

சுக்கான் பிடிப்பவர் திரையைப் பார்க்கக் கூடாது. இதில் நான் பிடிவாதக்காரன். சுற்றிலும் படகுகள், ஸ்டார்போட் டாக்கில், அதாவது காற்றை வலப்பக்கம் வாங்கி, வருபவருக்கு உரிமை, கீழ்க்காற்றுப் பக்கம், அதாவது காற்று போகும் பக்கம், இருப்பவருக்கு உரிமை. இந்தப் படகுகள் எதுவும் உங்கள் திரையில் இல்லை. எண்ணை ஒருவர் வாசிக்க வேண்டும், அது நீங்கள்.

வாசிப்பு எப்போதும் ஒரே ஒழுங்கில் இருக்கட்டும்: நேரம், தூரம், மிச்சம். இப்படி:

"ஒண்டு இருபது. எண்பது மீற்றர். மிச்சம் முப்பது."

"சரி தம்பி, பாயைக் கொஞ்சம் தளர்த்துறன்."

"ஐம்பது செக்கன். அறுபது மீற்றர். மிச்சம் பதினெட்டு, அண்ணா."

"மிச்சம் போதும். இனி நேரத்தையும் மீற்றரையும் மட்டும் சொல்லு."

அந்தக் கடைசி வரி முக்கியம். பாயை இழுத்து வேகம் எடுக்கத் தொடங்கிய பிறகு மிச்சம் என்ற எண் தாறுமாறாக மாறும். அதற்குப் பிறகு நேரமும் தூரமும் மட்டும் போதும். "எப்படியிருக்கும்", "கிட்ட வந்துட்டோம்" போன்ற கருத்துகள் வேண்டாம்.

கோட்டின் நடுவில் தொடங்குபவர்களுக்குக் கருவி பெரிய வரம். இரண்டு முனைகளும் தூரத்தில் இருப்பதால் நடுவிலுள்ளவர்களுக்குக் கோட்டைத் தாண்டிவிட்டோமோ என்ற பயம் வந்து, எல்லோரும் தேவைக்கு மேல் பின்தங்கி நிற்பார்கள். அப்போது உங்கள் திரை "இன்னும் பன்னிரண்டு மீற்றர்" என்று சொன்னால், பதிவில் நம்பிக்கை இருந்தால், முன்னே போங்கள். மற்றவர்களைவிட ஒரு படகு நீளம் முன்னே இருந்து தொடங்கலாம், கலங்காத காற்று கிடைக்கும்.

கொழும்புக் காற்றும் தண்ணீரும்

மே முதல் செப்டெம்பர் வரை சோழகம் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் காலத்தில் மேற்குக் கரைக் கடல் குமுறும். அலையில் படகு ஏறி இறங்கும்போது வேக எண்ணும் ஏறி இறங்கும், மிச்சத்தை அவ்வளவாக நம்ப முடியாது. டிசம்பர் முதல் மார்ச் வரை கடல் அமைதி. காலையில் வாடை நகரத்தின் மேலாக வரும், உயர்ந்த கட்டடங்களில் பட்டுத் துண்டு துண்டாக வீசும். மதியத்துக்குப் பிறகு கடற்காற்று எழுந்து மேற்கே மாறும். இந்த மாற்றம் நடக்கும் நேரத்தில் தொடக்கம் வைத்தால் கோட்டைப் பதிந்த கையோடு சாய்வு மாறிவிடும். பொல்கொடவில் கரையோர மரங்கள் காற்றைத் திருப்பிக்கொண்டே இருக்கும். அங்கே சாய்வைக் கடைசி இரண்டு நிமிடத்தில் மறுபடி பார்ப்பதுதான் பயன்.

நம் கரையில் வற்றுப்பெருக்கு சிறியது, ஒரு மீற்றர்கூட வராது. ஆனால் கரையோர நீரோட்டம் பருவத்தோடு திசை மாறும். அரை நொட் ஓட்டம் ஒரு நிமிடத்தில் படகை 15 மீற்றர் நகர்த்திவிடும். படகு ஓடாமல் நிற்பதாக நீங்கள் நினைக்கும்போதே கோட்டுக்கான தூரம் 30, 27, 24 என்று குறைந்தால், ஓட்டம் உங்களைக் கோட்டுக்குத் தள்ளுகிறது. தண்ணீர் வேகமானி இதைக் காட்டாது, ஜி.பி.எஸ். வேகம் காட்டும். ஐந்து நிமிடக் கொடிக்கு முன்பே பாயைத் தளர்த்தி ஒரு நிமிடம் மிதந்து பாருங்கள், ஓட்டத்தின் கணக்கு கிடைத்துவிடும்.

கருவி கைவிட்டால்

பற்றரி தீரும், திரை ஈரத்தில் உறையும். அப்போதைக்கு இரண்டு முறைகள் கையில் இருக்கட்டும்.

முதலாவது, நேர்க்குறி. கோட்டின் ஒரு முனைக்கு வெளியே நின்று, மறுமுனைக்குப் பின்னால் கரையில் என்ன தெரிகிறது என்று பாருங்கள். துறைமுகப் பாரந்தூக்கியோ தாமரைக் கோபுரமோ அந்த நேர்கோட்டில் அமைந்தால் அதிர்ஷ்டம். தொடக்கத்தின்போது மிதவையும் அந்தக் குறியும் ஒன்றாகத் தெரிந்தால் நீங்கள் கோட்டில் இருக்கிறீர்கள். திரை நன்றாக வேலை செய்யும் நாளிலும் இதை எடுத்துவைத்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, 1930, 1934, 1937 ஆண்டுகளில் அமெரிக்கக் கோப்பையை வென்ற ஹரோல்ட் வாண்டர்பில்ட்டின் பெயரால் வழங்கும் கணக்கு. கோட்டிலிருந்து விலகி ஓடத் தொடங்கும்போது மீதமிருக்கும் நேரத்தோடு, திரும்ப ஆகும் நேரத்தைக் கூட்டிப் பாதியாக்குங்கள். இரண்டு நிமிடம் இருக்கும்போது விலகுகிறீர்கள், திரும்பப் பத்துச் செக்கன் ஆகும் என்றால் 130இல் பாதி 65. டைமரில் 65 வரும்போது திரும்பத் தொடங்குங்கள். போக 55, திரும்ப 10, வர 55. போகும் வேகமும் வரும் வேகமும் சமமாக இருந்தால்தான் சரிவரும், வழியில் வேறு படகு மறித்தால் கணக்குக் கெடும். ஆனால் கைக்கடிகாரம் ஒன்றே போதும்.

கொடி இறங்கிய பிறகு

பூச்சியத்தில் உங்கள் வேலை முடிந்துவிடாது. கமிட்டிப் படகைத் திரும்பிப் பாருங்கள். ஓர் ஒலியோடு எக்ஸ் கொடி ஏறியிருந்தால் யாரோ முந்திவிட்டார்கள். பூச்சியத்தில் திரை எத்தனை மீற்றர் காட்டியது என்பதை நினைவில் வைத்திருங்கள்: ஆறு மீற்றர் பின்னால் என்றால் கவலை வேண்டாம், ஒரு மீற்றர் என்றால் சுக்கான் பிடிப்பவரிடம் சொல்லிவிடுங்கள், முடிவு அவருடையது. இரண்டு ஒலியோடு முதல் மாற்றுக் கொடி ஏறினால் எல்லோரும் திரும்ப வேண்டும். அது ஓர் ஒலியோடு இறங்கிச் சரியாக ஒரு நிமிடத்தில் புதிய ஐந்து நிமிடக் கொடி ஏறும். டைமரை ஐந்துக்கு மாற்றிவைத்துவிட்டு, அந்த இடைவெளியில் கமிட்டிப் படகு முனையை மறுபடி பதியுங்கள். இத்தனை நேரத்தில் அது நகர்ந்திருக்கும்.

கரைக்கு வந்ததும் கருவியை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். சார்ஜ் முனைகள் நன்றாகக் காயும்வரை வயரைச் செருக வேண்டாம், உப்பு ஈரத்தோடு மின்சாரம் பாய்ந்தால் முனைகள் அரித்துப்போகும். ஓட்டத்தின் பதிவு கருவியில் இருந்தால் அன்றைக்கே எடுத்து, பூச்சியத்தில் எங்கே இருந்தீர்கள், எந்த வேகத்தில் இருந்தீர்கள் என்ற இரண்டு எண்களை மட்டும் குறித்துவையுங்கள். அடுத்த போட்டிக்கு ஒட்டுத்துணியில் எழுத வேண்டிய புதிய செக்கன் அதிலிருந்துதான் வரும்.